முகில் அறை: கருவிக்கு நான்கு நட்சத்திரம், கையேட்டுக்கு ஒன்று

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுப்பவன் நான். பள்ளி ஆய்வகத்துக்காக, மேசைமேல் வைக்கும் அளவிலான முகில் அறை ஒன்றை, அதாவது கதிர்வீச்சுத் துகள்கள் போன தடத்தை ஆவித் துளிகளின் கோடாகக் காட்டும் பெட்டியை, இணையத்தில் வாங்கினோம். கருவி அருமை. கூட வந்த கையேடுதான் வம்பு. அடிப்படைத் துகள்களை நேரில் கண்ணால் பார்க்கலாம் என்று அட்டையிலேயே அடித்துவிடுகிறது.

மூடியின் உட்புறம் உள்ள கம்பளிப் பட்டையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைக்க வேண்டும். ஆவி கீழே இறங்கி, பெல்ட்டியர் தகடு (மின்சாரத்தால் குளிரும் தகடு) குளிர்விக்கும் கறுப்புத் தளத்துக்குச் சற்று மேலே, துளியாக மாறக் காத்து நிற்கும். மின்னூட்டம் உள்ள ஏதாவது ஒன்று கடந்தால் வழியில் உள்ள அணுக்கள் மின்னூட்டம் பெற்ற அயனிகளாகி, அவற்றின்மேல் துளிகள் கட்டும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால்தான் கோடுகள் துலங்கும். கதிரியக்கம் உள்ள தோரியம் கலந்த டங்ஸ்டன் வெல்டிங் கம்பியை உள்ளே வைத்தோம். பருத்துக் குட்டையாகப் பாய்பவை ஆல்ஃபா, அதாவது அணுக்கரு உமிழும் கனமான துகள்கள். மெலிந்து, குடித்தவன் நடைபோல் கோணுவது எலெக்ட்ரான். கம்பியை எடுத்த பிறகும் நேராக, நீளமாக ஓடுபவை பெரும்பாலும் மேலிருந்து வரும் மியூவான்கள், அதாவது விண்கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் துகள்கள்.

இதைப் பார்க்கும் மாணவன், துகள்தான் நிஜம், புலம் (வெளியெங்கும் பரவியிருப்பதாக இயற்பியல் சொல்வது) என்பது கணக்குக்கான வசதி என்று முடிவு கட்டிவிடுவான். எது அடிப்படை, துகளா புலமா என்பது இன்னும் நடக்கும் வழக்கு. அவசரப்பட வேண்டாம். தெரிவது ஆல்கஹால் துளிகளின் வரிசை மட்டுமே. குவாண்டம் கணக்கின்படி, அணுக்கருவிலிருந்து வெளியேறும் ஆல்ஃபா எல்லாத் திசையிலும் பரவும் கோள அலை. அது எப்படி ஒற்றைக் கோடு இழுக்கும்? 1929-இல் இயற்பியலாளர் நெவில் மாட் விடை சொன்னார். வழியில் உள்ள அணுக்களையும் சமன்பாட்டில் சேர்த்தால், அணுக்கருவோடு ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்கும் அணுக்கள்தாம் சேர்ந்து அயனியாகும். மற்றபடி வாய்ப்பு மிகச் சொற்பம். இது அலை இயக்கவியல்தான், புலக் கோட்பாடு அல்ல. ஆனாலும், கோடு இருப்பதால் அதை இழுத்த குண்டுமணி போன்ற துகள் இருந்தே தீர வேண்டும் என்ற வாதம் இத்தோடு விழுந்தது.

என்னைப் புலத்தின் பக்கம் இழுப்பது எலெக்ட்ரான் கோடு. பீட்டா சிதைவில் (அணுக்கரு எலெக்ட்ரானை உமிழ்ந்து மாறும் நிகழ்வில்) வெளிப்படும் எலெக்ட்ரான் அதற்கு முன் அணுக்கருவுக்குள் பதுங்கியிருக்கவில்லை. அந்தக் கணத்தில்தான் உண்டாகிறது. 1934-இல் வெளியான, இயற்பியலாளர் ஃபெர்மியின் கோட்பாடு, அணு ஒளியை உமிழும்போது ஃபோட்டான் என்னும் ஒளித்துகள் பிறப்பதைப் போலவே இதையும் நடத்தியது. பிறந்து அழியும் ஒன்றை அடித்தளம் என்பதைவிட, எங்கும் பரந்துள்ள புலத்தின் ஓர் அதிர்வு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எல்லா எலெக்ட்ரான்களும் இம்மியும் மாறாமல் ஒன்றாக இருப்பதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு: எந்தக் கருவியும் புலத்தை முழுசாகக் காட்டியதில்லை, பதிவாவதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடிய நிகழ்வுகளே. கையேட்டில் இந்த வழக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே என் புகார்.

மற்றக் குறைகள் சில்லறை. கம்பளிப் பட்டையின் பசை விரைவில் விட்டுவிட்டது. மே மாத வெக்கையில் தகடு போதிய குளிருக்கு இறங்காமல் திணறியது. குளிர்சாதன அறைக்கு மாற்றியதும் சரியானது. ஆல்கஹாலை நாமே வாங்க வேண்டும். கைகழுவும் திரவம் உதவாது, ஆய்வகத் தரத்தில் 99 சதவீதம் கேளுங்கள். தோரியக் கம்பியை மாணவர்கள் அரத்தால் தேய்க்க விடாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.