கறியை விடுவதா, சொன்னதைச் செய்வதா?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்தால் சாந்தோமிலும் பரங்கிமலையிலும் பல வீடுகளில் கறிச்சட்டிக்கு ஓய்வு. நல்லதுதான். ஆனால் அந்த இடத்தை நெய் ரோஸ்ட்டும் பன்னீரும் பிடித்துக்கொள்கின்றன. அதைப் பத்துப் பேரிடம் சொல்லியும் ஆக வேண்டியிருக்கிறது. பைபிளில் மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் இயேசு கேட்பதோ, தலைக்கு எண்ணெய் தேய்த்து, முகம் கழுவி, வெளியே தெரியாமல் இருக்கும் நோன்பு.

கறியை விடுவது ஒரு வகை நோன்பு. மற்றது, கடவுள் சொன்னதற்குக் கீழ்ப்படிதலோடு சேர்ந்த நோன்பு. பைபிளின் எசாயா நூல், 58-ஆம் அதிகாரம் பசித்தவருக்கு உணவைப் பகிரச் சொல்கிறது. நோன்பு நாளிலும் வேலையாட்களை ஒடுக்குபவர்களைச் சாடுகிறது. வீட்டுவேலை செய்யும் அக்காவின் சம்பளத்தை இழுத்தடித்துக்கொண்டே வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போகிறவர்களுக்கு இது உறைக்க வேண்டும். பைபிளில் வரும் இஸ்ரயேல் அரசர் சவுலும் அப்படித்தான்: கடவுள் அழிக்கச் சொன்ன கொழுத்த ஆடுகளைப் பலிக்கென்று வைத்துக்கொண்டார், இறைவாக்கினர் சாமுவேல் ஏற்கவில்லை.

இரண்டில் ஒன்றுதான் என்றால், கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு முதல் தேதியே சம்பளம் கொடுப்பவர் பக்கம் நான்.