கமோடோர் 64-இல் சொந்தக் கெர்னல் சிப்: ஒரு பைட் தந்த சுகம், ஒரு அடாப்டர் தந்த எரிச்சல்

புதிய சாக்கெட்டை சால்டர் செய்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். சமீபத்தில் கமோடோர் 64 (1980களின் வீட்டுக் கணினி) வாங்கிய நண்பர் ஒருவர், "கெர்னல் சிப்பை நாமே எழுதிப் போடலாமாமே, உங்களுக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டிருந்தார். கெர்னல் என்பது விசைப்பலகை, திரை, டிஸ்க் எல்லாவற்றையும் இயக்கும் அடிப்படை நிரல்; பவரை அணைத்தாலும் அழியாத ரோம் சிப்பில் இருக்கும். போனில் பேசினால் கோபம்தான் முதலில் வரும். அதனால் நிதானமாக இங்கே சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் செய்த மாற்றங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு பைட். நினைவகத்தில் அதன் முகவரி 57818. கமோடோர் போட்டுத் தந்த மூலக் கெர்னலில், அதாவது 901227-03 என்ற எண் கொண்ட சிப்பில், அந்த இடத்தில் 1 இருக்கும். அதை 8 ஆக்கினேன். இவை சாதன எண்கள்: 1 டேப், 8 டிஸ்க் டிரைவ். சாதாரண இயந்திரத்தில் புரோகிராமை ஏற்றும் லோட் கட்டளைக்குப் பின்னால் கமா 8 போட மறந்தால், டேப்பின் பிளே பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும். வருடக்கணக்கில் இதைத் தட்டிப் பழகிய விரல்களுக்கு அந்தக் கமாவே தேவையில்லாமல் போவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி விளங்காது.

அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இன்னொன்று. ஷிஃப்டோடு ரன்/ஸ்டாப் தட்டினால் கெர்னல் தானாகவே லோட், ரன் என்று அடித்துக்கொள்ளும். இரண்டு ரிட்டர்னையும் சேர்த்து அதற்கு 9 பைட் இடம். சாதன எண் 8 ஆன பிறகு அதை அப்படியே விட்டால், ஃபைல் பெயர் இல்லை என்று பிழை காட்டும். கணினியின் பேசிக் மொழியில் லோட், ரன் கட்டளைகளின் சுருக்க வடிவங்களான 'எல், ஷிஃப்ட்-ஓ', 'ஆர், ஷிஃப்ட்-யூ' இரண்டையும் போட்டால், மேற்கோள்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரம், இரண்டு ரிட்டர்ன் எல்லாம் சேர்ந்து அச்சாக 9-இல் அடங்கிவிடும். இப்போது டிஸ்க்கைச் செருகி இரண்டு விசை தட்டினால் முதல் புரோகிராம் ஓடுகிறது. டேப் போர்ட்டே இல்லாத எஸ்எக்ஸ்-64 என்ற தூக்கிச் செல்லும் மாடலுக்கு 1984-இல் கமோடோரே இப்படித்தான் கெர்னலை மாற்றியது. மேசையில் இருக்கும் 64-க்கும் அந்தச் சலுகை வேண்டாமா?

சிப் எழுதுமுன் சோதிப்பது சுலபம். கெர்னலை ராமுக்கு நகலெடுத்துக்கொண்டு, அங்கேயே போக் கட்டளையால் பைட்டை மாற்றிப் பார்க்கலாம். பவரை அணைத்தால் போய்விடும், அவ்வளவுதான். வைஸ் எமுலேட்டரிலும் (64 போலவே இயங்கும் மென்பொருள்) பார்க்கலாம். 60633, 60634 முகவரிகள் இரண்டிலும் கை வைத்தால் ஓர நிறமும் பின்னணி நிறமும் மாறும். பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். எனக்கு அந்த நீலம் பிடிக்கும், தொடவில்லை.

நான் போட்டது 27சி256 என்ற ஈப்ராம், அதாவது நாமே எழுதி, புற ஊதா ஒளியில் அழித்து மறுபடி எழுதக்கூடிய சிப். 32 கேபி என்பதால் 8 கேபி கெர்னல்கள் நான்கு அடங்கும். ஒன்றில் மூலம், ஒன்றில் என் திருத்தம், ஒன்றில் காசு கொடுத்து வாங்கிய ஜிஃபிடாஸ் என்ற வேக லோடு கெர்னல். நான்காவது காலி. எந்தக் கெர்னல் என்று தேர்வு செய்ய, ஏ13, ஏ14 என்ற முகவரிக் கால்கள் இரண்டையும் சுவிட்சுக்கு இழுத்திருக்கிறேன். மூலம் எதற்கு என்றால், ஜிஃபிடாஸில் டேப் ரூட்டீன்களே கிடையாது. அந்த இடத்தை வேக லோடு எடுத்துக்கொண்டது. டேட்டாசெட் என்ற டேப் டிரைவ் வைத்திருப்பவர்கள் மூலத்தைக் கைவிட முடியாது. வேகம் வேண்டுமென்றால் 1541 டிஸ்க் டிரைவிலும் ரோம் மாற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த டிரைவ் பவர் வந்ததும் தன் ரோமின் பைட்டுகளைக் கூட்டி, செக்சம் சரிதானா என்று பார்க்கும். ஒத்துவராவிட்டால் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றுவிடும். 64 அப்படிப் பார்ப்பதில்லை. அதனால்தான் கெர்னலில் இவ்வளவு தாராளமாக விளையாட முடிகிறது.

ஈப்ராமின் கண்ணாடி ஜன்னலை ஸ்டிக்கர் போட்டு மூடுங்கள். நேர் வெயிலில் ஒரு வாரம் போல இருந்தால் அழிந்துவிடும் என்று டேட்டாஷீட்டிலேயே போட்டிருக்கிறது.

இனி எரிச்சல். கமோடோரின் 2364 ரோமுக்கு 24 கால். 2764 முதலான ஈப்ராம்களுக்கு 28. பெரும்பாலான கால்கள் ஒத்துப்போகும். ஏ11, ஏ12, 5 வோல்ட் இவைதான் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஆகவே நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். நான் வாங்கிய ரெடிமேட் அடாப்டரில் கால்களாகப் போட்டிருந்தது 0.64 மில்லிமீட்டர் சதுர ஹெடர் பின். சிப்பின் கால் தடிமன் சுமார் 0.25 மில்லிமீட்டர்தான். நாற்பது வருடப் பழைய சாக்கெட்டின் மெல்லிய தகடுகளுக்குள் அந்த முளைகளைத் திணித்தால் தகடு விரிந்துவிடும், திரும்பி வராது. சில மாதங்களாகவே ஆன் செய்தால் சில நாள் கறுப்புத் திரை. விசைப்பலகையை லேசாக அழுத்தினால் உயிர் வரும். பிஎல்ஏ (எந்த நினைவகச் சிப் பேச வேண்டும் என்று தேர்வு செய்யும் சிப்) போய்விட்டதோ, பவர் சப்ளையோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் மூலச் சிப்பைத் திருப்பிப் போட்டால் அது தொளதொளவென்று ஆடுகிறது. உருண்டைக் கால் வைத்த அடாப்டருக்கு கூடுதலாக ஆவது சில்லறைக் காசு. அதை மிச்சம் பிடித்து, கமோடோர் எப்போதோ தயாரிப்பை நிறுத்திவிட்ட ஒரு போர்டைச் சிதைக்கும் பொருளை 'கமோடோர் 64-க்கு ஏற்றது' என்று விற்கிறார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பழைய சாக்கெட்டை எடுக்கும்போது போர்டின் தாமிரத் தடம் பிய்ந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். நல்லவேளை, பிய்யவில்லை.

நண்பருக்கு என் பதில்: உங்கள் போர்டில் கெர்னல் 24 கால் சிப்பாக இருந்தால், செய்ய வேண்டாம். நன்றாக ஓடுவதைத் தொடாதீர்கள். பின்னாளில் வந்த சின்ன போர்டாக இருந்தால் கதை வேறு. அதில் பேசிக்கும் கெர்னலும் சேர்ந்து 251913-01 என்ற ஒரே 28 கால் சிப்; 27சி128 நேராக உட்காரும், அடாப்டரே வேண்டாம். மூடியைத் திறந்து போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். 28 கால் என்றால் சிப்பை நானே எழுதித் தருகிறேன்.

என்னுடையதைக் கழற்றுவேனா என்றால், மாட்டேன். உருண்டைக் கால் அடாப்டர் போட்டாயிற்று, 57818-இல் 8 இருக்கிறது.