பழைய செம்புக் கழிவுக்குழாயில் புது ஃபிளாஞ்ச்: எஃகு உறை போட்ட கப்ளிங் எப்படி?

வட அமெரிக்காவில் 1950, 60களில் கட்டிய பல வீடுகளில் கமோடுக்கு அடியில் இருப்பது 3 அங்குலச் செம்புக் கழிவுக்குழாய். அதன் வாயில் பித்தளை ஃபிளாஞ்சை, அதாவது கமோடைப் பிடித்துக்கொள்ளும் வளையத்தை, ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். கமோடு ஆட ஆரம்பித்தால் அந்தப் பற்று விட்டுப்போகும். குழாயை வெட்டி, பிளாஸ்டிக் துண்டும் புது ஃபிளாஞ்சும் சேர்க்க உதவுவது இந்தக் கப்ளிங், அதாவது இரண்டு குழாயை இணைக்கும் துண்டு. உள்ளே ரப்பர், மேலே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை, இரண்டு முனையிலும் கிளாம்ப். கீழிருந்து கை போகும் இடமென்றால் இதையே வாங்கச் சொல்வோம்.

வாங்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டுமே ‘3 அங்குலம்’தான், ஆனால் செம்பின் வெளிவிட்டம் 79.4 மிமீ, பிளாஸ்டிக்கின் வெளிவிட்டம் 88.9 மிமீ. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை இணைக்கும் கப்ளிங்கைச் செம்பில் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் மடிந்து கசியும். ஒரு முனை செம்புக்கு, மறுமுனை பிளாஸ்டிக்குக்கு என்று அளவு அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். எஃகு உறை இல்லாத வெறும் ரப்பர் கப்ளிங் வேண்டாம். பாரம் ஏறினால் தொய்ந்து, உள்ளே படி விழுந்து, காகிதம் அதில் தேங்கும்.

செம்பின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். முரட்டுப் பல் பிளேடு அதை நசுக்கிவிடும். சன்னப் பல் ஹாக்ஸாவால் நேராக வெட்டி, பிசிறை அரத்தால் எடுங்கள். ரப்பர் உட்காரும் நீளம் முழுவதும் பழைய பற்றுத் துளி ஒன்றுகூட இருக்கக் கூடாது; உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். காலிப்பரைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்து, குழாய் வட்டமாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பச்சைக் குழிகள் தெரிந்தால் நல்ல உலோகம் வரும்வரை வெட்டித் தள்ளுவதே சரி. ரப்பர் ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் கூடாது.

கிளாம்பை முடிவாக இறுக்கும் முன் ஃபிளாஞ்சைத் தரையோடு திருகிவிடுங்கள். ஃபிளாஞ்சின் வளையம், வேலை முடிந்த தரையின்மேல் உட்கார வேண்டும். திருகு பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான். இதை விட்டால் கமோடின் ஆட்டமெல்லாம் கப்ளிங்கில் இறங்கும். பிறகு இரண்டு கிளாம்பையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். பெரும்பாலான தயாரிப்புகளில் இறுக்க அளவு 60 அங்குல-பவுண்டு என்று குறித்திருக்கும். அதற்கு, இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச் வேண்டும், சாதாரண ஸ்க்ரூடிரைவரால் அந்த இறுக்கம் வராது.

குறை ஒன்று உண்டு: கீழே இடமில்லையென்றால் தரையையோ கூரையையோ திறக்க வேண்டும். அந்த வேலைக்கு அஞ்சி, குழாய்க்குள் செருகும் ரப்பர் ஃபிளாஞ்சை வாங்குகிறார்கள். 77 மிமீ உள்விட்டத்தை அது மேலும் குறுக்கும்; குழாய் நெளிந்திருந்தால் கசியாமல் பிடிக்கவும் செய்யாது, கீழே அடைப்பு வந்தால் தண்ணீர் அதைத் தாண்டி மேலேறும். புதுப் பித்தளை ஃபிளாஞ்சைப் பற்றவைப்பது உறுதியான வேலைதான், ஆனால் மரத் தரைக்குப் பக்கத்தில் தீக்கொழுந்து பிடிக்கப் பயிற்சி வேண்டும். பற்று நன்றாக இருந்து போல்ட் மாட்டும் காது மட்டும் உடைந்திருந்தால் இது எதுவுமே தேவையில்லை. ஸ்டீல் பழுது வளையம் ஒன்றை மேலே திருகினால் முடிந்தது.

கமோடுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் மெழுகு வளையத்தை வைக்கும் முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கப்ளிங்கைச் சுற்றி உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். கமோடு வைத்த பிறகு ஆடினால் அடியில் ஷிம் என்ற மெல்லிய ஆப்பைச் செருகுங்கள். நட்டை இறுக்கி ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தால் பீங்கானில் விரிசல் விழுந்துவிடும்.