ஓசூரில் வாடகைக் கட்டடம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 'வரன்முறை ஆணை' காட்டினால் அது எதற்கு வாங்கியது என்று பாருங்கள்

மூக்கண்டப்பள்ளி பக்கம் வாடகைக் கட்டடம் வாங்க விலை பேசிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால் வீடு காலியாகக் கிடக்காது என்று சொல்வார்கள். அது உண்மைதான், அதை வைத்துத்தான் ஆளை மடக்குகிறார்கள்.

எனக்குக் காட்டியது தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், ஒன்பது போர்ஷன். மாத வாடகை 72,000. கேட்ட விலை 1 கோடியே 60 லட்சம். ஓனரும் புரோக்கரும் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள், நம்மிடம் தமிழில் சொல்லும்போது ஐந்து லட்சம் இறங்கியிருந்தது. "அப்ரூவல் எல்லாம் பக்கா தம்பி, வரன்முறையே பண்ணியாச்சு" என்று ஓனர் லேமினேட் போட்ட வரன்முறை ஆணை ஒன்றை எடுத்து வைத்தார் (அனுமதியில்லாமல் இருந்ததைப் பிறகு சட்டப்படி ஏற்றுக்கொண்டு தரும் உத்தரவு அது). கூடவே சொத்து வரி ரசீது, வில்லங்கச் சான்று. மூன்று லட்சம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டோம்.

வங்கி அனுப்பிய இன்ஜினியர் அனுமதி வரைபடத்தைக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஓசூர் நகராட்சியாக இருந்த காலத்து வரைபடம் அது. அதில் இருப்பது தரைத்தளமும் முதல் தளமும் மட்டும். வண்டி நிறுத்த விட்ட இடத்தில் சுவர் எழுப்பி இரண்டு போர்ஷன் போட்டிருக்கிறார்கள். மேல்தளத்து மூன்று போர்ஷனுக்கும் அனுமதியே இல்லை. பின்னால் காலியாக விடவேண்டிய இடத்தில் கழிவறைகள். பக்கத்து வீட்டு மதிலுக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே இன்ஜினியர் கையை நுழைத்துப் பார்த்தார், முழங்கையோடு நின்றுவிட்டது.

அப்போ அந்த ஆணை? அது மனைக்கு வாங்கியது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்பனையான அங்கீகாரமில்லாத மனைகளுக்காக 2017இல் அரசு கொண்டுவந்த திட்டத்தில் கிடைத்தது. நிலத்துக்குச் செல்லும், மேலே நிற்கும் கட்டடத்துக்குச் செல்லாது. கட்டடத்தை வரன்முறை செய்வதற்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதுவும் 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்குத்தான். இந்த மேல்தளத்துக்கு மின் இணைப்பு கொடுத்ததே 2018இல். சொத்து வரியை அனுமதியில்லாத கட்டடத்துக்கும் வாங்கிக்கொள்வார்கள். வில்லங்கச் சான்றில் பத்திரங்கள்தான் வரும், மாடி வராது.

வங்கி இரண்டு தளத்துக்கு மட்டும் மதிப்புப் போட்டது. நானும் அதே கணக்கில் பேசினேன். 72,000 வாடகையில் அனுமதியோடு நிற்பது நான்கு போர்ஷன், அதாவது 32,000. அதற்கேற்ற விலை சொல்லுங்கள், மேல்தளத்துக்குப் பைசா கிடையாது, பார்க்கிங் சுவரை இடிக்கும் செலவையும் குடியிருப்பவர்கள் கொடுத்திருக்கும் அட்வான்ஸையும் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். (பலர் இந்த அட்வான்ஸைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். நாளைக்குக் காலி செய்கிறவர் நம்மிடம்தான் வந்து நிற்பார்.) ஓனர் சிரித்தார். "ஓசூர்ல எந்த பில்டிங் தம்பி பிளான்படி இருக்கு? லோன் வேண்டாம், ரொக்கமா குடுங்க, பத்து லட்சம் குறைச்சுக்கறேன்." நாளைக்குச் சீல் வைக்க நோட்டீஸ் வந்தால் அப்போது யார் பெயரில் கட்டடம் இருக்கிறதோ அவர்தான் அலையவேண்டும். அதற்குப் பத்து லட்சமாம்!

வேண்டாம் என்றதும் ஒப்பந்தத்தை நீட்டினார். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் திரும்பாது என்று அவருடைய பத்திர எழுத்தர் எழுதியிருக்கிறார். அனுமதி பற்றி விற்பவர் சொன்னது பொய்யானாலோ வங்கி கடன் மறுத்தாலோ முழுத் தொகையும் திரும்ப வரவேண்டும் என்ற வரி இல்லாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். முத்திரையோடு உள்ள வரைபடத்தை வாங்கி, அனுமதி எண்ணை மாநகராட்சி நகரமைப்புப் பிரிவில் விசாரித்துவிட்டு அப்புறம் டோக்கன் கொடுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு ஒன்றரை லட்சம் வந்தது. மீதிக்கு வழக்குப் போடுகிறேன். கட்டடம் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் 'வரன்முறை செய்யப்பட்டது' என்றுதான் போட்டிருக்கிறார்கள், வாடகையை மட்டும் 78,000 என்று ஏற்றிவிட்டார்கள்.