ரேஷன் கார்டும் சில்வர் தட்டும்: திருப்பூரில் ஏழு வருட அனுபவம்

"கார்டு எந்த ஊருங்க?" திருப்பூர் வந்த புதிதில் ரேஷன் கடையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பள்ளிக்கூடத்தில் என் மகளிடம் சத்துணவு ஆயாம்மா கேட்ட முதல் கேள்வி, "தட்டு எங்க கண்ணு?"

நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம் கமுதிப் பக்கத்துக்காரர்கள். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை. அவர் ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங். மகள் 2018 ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள், மகன் 2022 ஜூனில். இப்போது எட்டாவதும் நாலாவதும் படிக்கிறார்கள். போன மாதம் எங்கள் லைன் வீட்டுக்குத் தேனியிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. அந்தப் பெண், "அக்கா, பிள்ளைங்க சாப்பாட்டுக்கு இங்க என்னென்ன கிடைக்கும், எங்க போய் எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டது. அதனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சத்துணவு. எழுதிக் கொடுக்க ஒன்றுமில்லை. அரசுப் பள்ளியில் சேர்த்தோம், டீச்சர் "மதியம் சாப்பிடுவாளா?" என்று கேட்டார், "சாப்பிடுவா" என்றேன், முடிந்தது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எதுவும் கேட்கவில்லை. என் பெரிய நாத்தனார் 1982-இல் எம்.ஜி.ஆர். கிராமப் பள்ளிகளில் சத்துணவு தொடங்கிய வருடமே சாப்பிட்டவர். அப்போது முட்டை கிடையாது. நான் படித்தபோது வாரம் ஒன்று, சனிக்கிழமை பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலக் காத்திருப்போம். என் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

சாப்பாடும் மாறிவிட்டது. ஒரு வாரம் திங்கட்கிழமை வெஜிடபிள் பிரியாணியும் மிளகு முட்டையும், செவ்வாய் கொண்டைக்கடலைப் புலாவு. அடுத்த வாரம் புளிசாதம், எலுமிச்சை சாதம், சுண்டல் என்று சுற்றி வரும். பட்டியலில் பிரியாணி என்று இருந்தால் தட்டிலும் பிரியாணி இருக்குமா? இது முழுக்கச் சமைக்கிறவர் கையைப் பொறுத்தது. மகளின் தொடக்கப் பள்ளியில் ஒரு சமையலம்மா இருந்தார், அவர் வைக்கும் புளிசாதத்தை இவள் இன்றும் வீட்டில் என்னிடம் கேட்கிறாள். அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த பிரியாணி, மஞ்சள் சோறுதான். அரிசியில் கல் கிடந்ததாக இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். ஏழு வருடத்தில் இரண்டு என்றால் என் வீட்டுச் சமையலை விட மோசமில்லை.

கொரோனா காலம் தனிக் கதை. 2020 மார்ச்சில் கம்பெனி மூடியதும் ஊருக்குப் போய்விட்டோம். பள்ளி மூடியிருந்ததால் சத்துணவுக்குப் பதில் உலர் பொருளாகத் தந்தார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 3 கிலோ 100 கிராம் அரிசி, 1 கிலோ 200 கிராம் பருப்பு என்று மே மாதத்துக்குக் கணக்கு. பிள்ளை கமுதியில், அரிசி திருப்பூரில். டீச்சர் போன் செய்து, "யாராவது வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க" என்றார். பஸ்ஸே ஓடாத காலத்தில் யார் போவது? செப்டம்பரில் திரும்பி வந்தபோதுதான் பள்ளிக்குப் போனேன். அந்த மாதத்திலிருந்து மாதம் 10 முட்டை. பை கொண்டு போகவில்லை. துப்பட்டாவில் பத்து முட்டையையும் முடிந்து, பிரசவத்துக்குப் போகிறவளைப் போல மெல்ல நடந்து வீடு வந்தேன். ஒன்று மட்டும் விரிசல். அதை அன்றைக்கே ஆம்லெட் போட்டாயிற்று.

இனி கார்டு. எங்கள் நான்கு பேர் பெயரும் மாமியார் பெயரில் இருந்த குடும்ப அட்டையில், ஊரில். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம் என்று வந்தது. சட்டப்படி சரி. எங்கள் பக்கத்துக் கடையில், "எங்க கார்டுக்கே பத்தறதில்லீங்க அக்கா, மாசக் கடைசியில ஸ்டாக் இருந்தா வாங்க" என்பார்கள். மாசக் கடைசியில் போனால், "இப்பதானுங்க முடிஞ்சது." அதோடு கடை திறந்திருக்கும் நேரமும் கம்பெனி நேரமும் ஒன்று. ஒரு நாள் லீவு போட்டால் போகும் சம்பளத்துக்கு வெளியிலேயே அரிசி வாங்கிவிடலாம்.

அதனால் ஊரில் மாமியார், அதாவது பிள்ளைகளின் அப்பத்தா வாங்கி, யாராவது வரும்போது சாக்கில் கட்டிக் கொடுத்து விடுவார். அதிலும் சிக்கல். வயல் வேலையில் தேய்ந்த விரல், மெஷினில் ரேகை விழாது. ஓடிபி என் வீட்டுக்காரர் நம்பருக்கு வரும். கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது, போன் லாக்கரில் கிடக்கும். அப்பத்தா கடை வாசலில், ஓடிபி லாக்கரில், இவர் மெஷினில். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துப் பார்த்தால் பதினோரு மிஸ்டு கால்.

2023-இல் கடைசியாகத் தனிக் கார்டு எடுப்பது என்று முடிவு செய்தோம். இங்கேதான் நான் செய்த தவறு, தயவுசெய்து கவனியுங்கள். புதிய கார்டுக்கு விண்ணப்பிக்க, பழைய கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். ஜூலையில் இ-சேவை மையத்தில் நீக்கினோம், அதே வாரம் விண்ணப்பமும் போட்டோம். முகவரிக்கு ஆதாரம் வேண்டும் என்று தெரியும், ஆனால் வாடகை வீட்டு ஓனரம்மா கரண்ட் பில் ஜெராக்ஸ் தரமாட்டார் என்று தெரியாது. "அதைக் குடுத்துட்டா அப்புறம் நீங்க வீட்டைக் காலி பண்ண மாட்டீங்க" என்றார். வாடகை ஒப்பந்தத்துக்கு அவரைச் சம்மதிக்க வைக்கவே ஒரு மாதம் போனது. அப்புறம் தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வந்தார்களாம். புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு. இந்தத் தெருவில் அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஒரே கதவு டீக்கடை. 'வீடு பூட்டியுள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார்கள், விண்ணப்பம் நின்றது.

மறுபடி போட்டேன். அதற்குள் செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்துவிட்டது. மாதம் 1000 ரூபாய், கார்டுக்கு ஒருவருக்கு. ஊரெல்லாம் தனிக் கார்டு கேட்க, புதிய கார்டு வழங்குவதே பல மாதம் நின்றுபோனது. நாங்கள் பழைய கார்டிலும் இல்லை, புதிய கார்டிலும் இல்லை. துவரம் பருப்பு ரேஷனில் 30 ரூபாய், வெளியில் 150-ஐத் தாண்டியிருந்தது. பாமாயில் 25 ரூபாய் பாக்கெட்டுக்கு வெளியில் நாலு மடங்கு. சாம்பார் வாரத்துக்கு இரண்டு நாளாகச் சுருங்கி, மற்ற நாள் ரசம். 2024 பொங்கலுக்குப் பரிசுத் தொகுப்போடு 1000 ரூபாய் தந்தார்கள், கார்டு இல்லாததால் எங்களுக்கு இல்லை. 2024 செப்டம்பரில் கார்டு கைக்கு வந்தது. 2025 பொங்கலுக்கு ஆசையாகப் போய் நின்றேன். அந்த வருடம் பணம் கிடையாது. அரிசி, சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அந்தப் பதினான்கு மாதமும் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு மதியம் கூடப் பட்டினி கிடக்கவில்லை. பள்ளியில் யாரும் கார்டு கேட்கவில்லை. காகிதம் கேட்காத உதவிதான் எங்களுக்கு ஆபத்துக்கு உதவியது. காகிதம் கேட்ட உதவி, எங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் விடுப்பில் இருந்தது.

அதே சமயத்தில்தான் காலை உணவும் வந்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கினாலும், எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்ட் 25-இல்தான், எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரித்தபோது. ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை மட்டும். என் மகள் அந்த ஜூனில்தான் ஆறாவது போயிருந்தாள், இரண்டரை மாதத்தில் தவறிவிட்டது. தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் உயர்நிலைப் பள்ளிக்கு நடக்க வேண்டும். முதல் வாரம் வந்து சொன்னாள்: "கேட்டுல நிக்கும்போதே சாம்பார் வாசம் வருதும்மா." அவளுக்கு அன்று காலை டீயும் இரண்டு பன் துண்டும். எனக்கு எட்டரைக்கு ஷிப்ட். அதன்பிறகு ஐந்து மணிக்கு எழுந்து அவளுக்கு மட்டும் இரண்டு தோசை ஊற்றப் பழகினேன். ஒரு பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு மிச்சமானதில்தான் இன்னொன்றுக்கு மாவு அரைக்க முடிந்தது என்பதும் உண்மை.

காலை உணவில் ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ என்று கணக்கு, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். மகனுக்குப் பொங்கல் நாள் திருவிழா. உப்புமா நாள் மட்டும் "வயிறு வலிக்குது". எந்த அரசு வந்தாலும் உப்புமாவைப் பிள்ளைகளுக்குப் பிடிக்க வைக்க முடியாது போலிருக்கிறது. 2025-26 கல்வியாண்டில் அரிசி உப்புமாவுக்குப் பதிலாகப் பொங்கல் என்று மாற்றினார்கள், திங்கட்கிழமை வயிற்று வலி போய்விட்டது.

மகள் விஷயத்தில் இப்போது புதுப் பிரச்சினை. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, ஆனால் ஏழாவதிலிருந்தே அவள் தட்டு எடுத்துப் போவதில்லை. "சத்துணவு சாப்பிடறவ"ன்னு சொல்வாங்களாம். தோழிகள் நாலு பேரும் டிபன் பாக்ஸ். முட்டைக்கு மட்டும் போய் வரிசையில் நிற்கிறார்கள், அதில் வெட்கம் இல்லை! சத்துணவுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். எட்டாவது வரை இலவசச் சீருடை நாலு செட்டும் சத்துணவில் பெயர் இருக்கும் பிள்ளைக்குத்தான். இது பல பெற்றோருக்குத் தெரியாது, ஜூனில் வந்து டீச்சரோடு சண்டை போடுகிறார்கள்.

ரேஷன் அரிசி பற்றி ஒரு வரி. 2023-இல் செறிவூட்டிய அரிசி, அதாவது சத்து சேர்த்த அரிசி, கலந்து வரத் தொடங்கியது, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில். ஊறவைத்தால் வெளுப்பாக மிதக்கும். அப்பத்தா அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் பொறுக்கி முறத்தில் வீசிக்கொண்டிருந்தார். அதில்தான் இரும்புச் சத்து இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி இப்போதுதான் நிறுத்தியிருக்கிறார். நாங்கள் அதை இட்லிக்குப் போட்டுவிடுகிறோம், சோறாக்கினால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வாங்காத பொருளுக்கு வாங்கியதாக மெசேஜ் வந்தால் அழிக்காதீர்கள், 1967-க்குப் போன் செய்யுங்கள். நான் ஒரு முறை செய்தேன், அடுத்த மாதம் பாமாயில் ஒழுங்காக வந்தது.

தேனிப் பெண்ணிடம் கடைசியாகச் சொன்னது: ஊர்க் கார்டில் இருக்கும் பெயரை இப்போதைக்குத் தொடாதே. வாடகை ஒப்பந்தம், கேஸ் பில் எல்லாம் கையில் வந்த பிறகு நீக்கு. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை தாலுகாவில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும், அங்கே நேரில் போ. ஆள் பார்க்க வருவார்கள் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போ. பிள்ளையை நாளைக்கே பள்ளியில் சேர்த்துவிடு, ஒரு தட்டு வாங்கிக் கொடு.

மகன் இப்போது எடுத்துப் போவது அக்காவின் பழைய தட்டு. விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருக்கிறது. பையன்கள் கிண்டல் செய்கிறார்கள், அதை நீக்கித் தா என்று ஒரே நச்சரிப்பு. போன ஞாயிற்றுக்கிழமை பாத்திரக் கடைக்குக் கூட்டிப் போனேன். "வெட்டுன பேரை அழிக்க முடியாதுங்க, வேணும்னா பக்கத்துலயே தம்பி பேரையும் வெட்டித் தர்றேன்" என்றார் கடைக்காரர். இரண்டு நிமிட வேலை. எந்தச் சான்றும் கேட்கவில்லை.