அட்ரீனல் டெஸ்டுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

மூட்டுவாதத்துக்காக நாலு வருஷம் பிரெட்னிசலோன் சாப்பிட்டவன் நான். ஸ்டீராய்டு இத்தனை நாள் உள்ளே போனால் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பதை நிறுத்திவிடலாம். அதனால் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, சில மாதம் கழித்து, சுரப்பி விழித்துவிட்டதா என்று பார்க்க டாக்டர் சினாக்தென் டெஸ்ட் எழுதினார்.

அந்த ஊசியில் இருப்பது டெட்ராகோசாக்டைட். சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனில் உள்ள 39 அமினோ அமிலங்களில் முதல் 24 மட்டும் செயற்கையாகச் செய்யப்பட்டது. 250 மைக்ரோகிராம் போடுவார்கள். போடுவதற்கு முன் ஒரு முறை, 30ஆம் நிமிடம், 60ஆம் நிமிடம் என்று ரத்தம் எடுத்து, கார்ட்டிசால் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள்.

காலை 6 மணிக்கு வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, போட்டீர்களா என்று லேபில் கேட்கவும் இல்லை. ஊசி போட்டார்கள். 30 நிமிடம் ஆயிற்று, யாரும் வரவில்லை. 50ஆம் நிமிடம் நர்ஸ் வந்து ஒரே சிரிஞ்சில் ரத்தம் எடுத்தார். அதை இரண்டு குழாய்களில் பிரித்து ஊற்றி, ஒன்றில் 30, மற்றதில் 60 என்று பேனாவால் எழுதினார். என் கண் முன்னால்தான். கேட்டதற்கு, "ஒன்றும் ஆகாது சார்" என்றார். மூன்று சாம்பிளுக்கும் பணம் வாங்கினார்கள்.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தது. மாத்திரையை நிறுத்தினோம். மூன்றாம் நாள் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை. அவசரப் பிரிவில் பிரஷர் 80-க்குக் கீழே. நரம்பில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தேன்.

அங்கிருந்த ஹார்மோன் டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "அன்று மாத்திரை எப்போது போட்டீர்கள்?" ஹைட்ரோகார்ட்டிசோன் என்பதே கார்ட்டிசால்தான். நான் விழுங்கியதைத்தான் லேப் அளந்திருக்கிறது. பிரெட்னிசலோனையும் பல கருவிகள் கார்ட்டிசால் என்றே கணக்கிடுமாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையாலும் எண் பொய்யாக ஏறும்.

நேரத்தில் செய்த தில்லுமுல்லைவிட, கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான் என்னைப் படுக்க வைத்தது. தயவுசெய்து எல்லா மருந்துகளையும், இன்ஹேலர், களிம்பு உட்பட, முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த வேளை மாத்திரையைத் தள்ளிப்போடுவது என்பதை அவரே சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். டெஸ்ட் முடிந்ததும் போட்டுக்கொள்ள மாத்திரை கையில் இருக்கட்டும்.

மறுபடி எடுத்த டெஸ்டில் நர்ஸ் போனில் அலாரம் வைத்து, எடுத்த நிமிடத்தை என்னிடம் காட்டி எழுதினார். 30ஆம் நிமிடம் கார்ட்டிசால் லிட்டருக்கு 190 நானோமோல்தான். 400-ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்தப் பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்யச் சொல்லி லேபுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.