ஜெனித்தா, ஆர்.சி.ஏ.வா: வால்வு கலர் டிவியில் எதைப் பிரிப்பது?

இந்தியாவில் கலர் ஒளிபரப்பு 1982இல் தொடங்கியபோது வால்வுகளின், அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களின், காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. நம் மெக்கானிக்குகள் வால்வு ரேடியோவைப் பிரித்திருப்பார்கள், வால்வு வைத்த கறுப்பு வெள்ளை டிவியையும் பார்த்திருப்பார்கள். முழுக்க வால்விலேயே ஓடும் கலர் டிவி பெரும்பாலும் அமெரிக்கச் சமாச்சாரம். 1960களில் அங்கே ஆர்.சி.ஏ., ஜெனித் என்ற இரண்டு டிவி கம்பெனிகளும் எதிரெதிர் அணிகள். பழைய பெட்டிக்கு உயிர் கொடுக்க நினைப்பவர்கள் இன்றும் அந்தச் சண்டையைத் தொடர்கிறார்கள்.

சண்டையின் மையம் பிரிண்டட் சர்க்யூட் பலகை, அதாவது கம்பிக்குப் பதில் தாமிரக் கோடுகளால் பாகங்களை இணைக்கும் பலகை. ஆர்.சி.ஏ. அதைத் தாராளமாகப் பயன்படுத்தியது. ஜெனித்தோ, "எங்களிடம் அது கிடையாது, எல்லாம் கையால் இணைத்தது" என்று விளம்பரத்திலேயே மார்தட்டியது. அதில் நியாயம் உண்டு. வால்வு மணிக்கணக்கில் சுடும். அதன் சாக்கெட்டைச் சுற்றிப் பலகை பழுப்பேறி, பிறகு கறுக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால், சாக்கெட்டின் முள்ளைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல ஒரு கரிய வளையம் தெரியும். அதுதான் விரிசல். வால்வைப் பென்சில் முனையால் தட்டும்போது நிறம் வந்து வந்து போனால், முதல் சந்தேகம் அங்கேதான்.

அப்படியானால் ஜெனித்தே மேலா? நீடித்து உழைப்பதில், ஆம். பழுது பார்ப்பதில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. ஒரே முனையில் மூன்று நான்கு கம்பிகளை வளைத்துச் சுற்றி, அதன்மேல் ஈயம் ஊற்றியிருப்பார்கள். அடியில் கிடக்கும் ஒரு கண்டன்சரை எடுக்க மேலிருக்கும் இரண்டு ரெசிஸ்டர்களை விலக்க வேண்டும். விலக்கினால் அவற்றின் கால் ஒடியும். ஆர்.சி.ஏ. பலகையில் பழைய கண்டன்சரை வெட்டி, மிஞ்சிய கால்களிலேயே புதியதைப் பற்றவைத்துவிடலாம். தாமிரக் கோட்டைச் சூடாக்கிப் பெயர்க்கவும் வேண்டாம். போதாதற்கு, வேறு பல கம்பெனிகளும் ஆர்.சி.ஏ.வின் வடிவமைப்பைப் பின்பற்றின. ஒன்றைக் கற்றால் பத்துப் பெட்டிகள் புரியும். ஜெனித் நிறத்தைப் பிரித்தெடுக்க 6ஜேஎச்8 என்ற தனி ரக வால்வை வைத்தது. அழகான யோசனை, ஆனால் எல்லாப் பெட்டியிலும் கிடைக்கிற வால்வு அல்ல அது.

மற்ற தொல்லைகள் இரண்டுக்கும் பொது. பிக்சர் டியூபுக்கு ஏறத்தாழ 25,000 வோல்ட் போகும். அதைக் கட்டுக்குள் வைக்கும் 6பிகே4 போன்ற வால்வு எக்ஸ்-கதிரையும் உமிழும் என்பதால், அதை மூடிய தகரக் கூண்டைக் கழற்றிவைத்து ஓட்டக் கூடாது. 1967இல் ஜெனரல் எலெக்ட்ரிக் பெட்டிகளில் இந்தக் கதிர் அளவு மீறியது தெரியவந்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மூன்று நிறங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் கன்வர்ஜென்ஸுக்குப் பன்னிரண்டு திருகுகள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று நகரும். பொறுமைசாலிகளுக்கான வேலை.

முதன்முறை கைவைப்பவருக்கு நான் ஆர்.சி.ஏ.வைத்தான் காட்டுவேன். பலகை கருகி, கோடுகள் தூக்கிக்கொண்டு நிற்கும் பெட்டியாக இருந்தால் மட்டும் பேரம் பேசாமல் ஜெனித் பக்கம் நகர்ந்துவிடலாம். எதுவானாலும் பிக்சர் டியூபைச் சோதிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.